கிளப்ஹவுஸ், ஸ்பேஸ், குரல் அறைகள்: தொழில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குரல் வழியாகப் பலர் கூடிப் பேசும் செயலிகளைத் தங்கள் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கும் சிறு கடைக்காரர்கள், நிறுவனங்களில் மார்க்கெட்டிங் பார்ப்பவர்கள், தனியாகத் தொழில் செய்பவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். இந்தச் செயலிகள் எப்படி வளர்ந்தன, ஏன் சரிந்தன, இன்று எது மிச்சம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அது தெரியாமல் காசையும் நேரத்தையும் இதில் போடக் கூடாது.

சோஷியல் ஆடியோ என்பது என்ன? எஃப்எம், பாட்காஸ்ட் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே?

எஃப்எம்மில் ஒருவர் பேசுவார், ஊர் கேட்கும். பாட்காஸ்ட் முன்கூட்டியே பதிவு செய்து, வெட்டிச் சீராக்கி வெளியிடுவது. சோஷியல் ஆடியோவில் ஒருவர் ஓர் அறையைத் திறக்கிறார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கேட்கலாம். பேச விரும்பினால் கை தூக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், நடத்துபவர் அனுமதித்தால் மேடைக்கு வந்து பேசலாம். கேமரா கிடையாது, எல்லாம் நேரலை.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர் அடுத்த நிமிடம் பேசுபவராக மாறலாம். மற்ற ஊடகங்களில் இது கிடையாது. இதைப் பிரபலமாக்கிய கிளப்ஹவுஸ் செயலியில் ஒருவர் நன்றாகப் பேசினால், மேடையில் இருப்பவர்கள் தங்கள் மைக்கை மளமளவென்று ஆன், ஆஃப் செய்வார்கள். மைக் சின்னம் மின்னும், அதுதான் கைதட்டல். வெளியேறும் பொத்தானில் ‘சத்தமில்லாமல் கிளம்பு’ என்ற பொருளில் எழுதியிருந்தது. வருவதற்கும் போவதற்கும் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கெட்டிங் செய்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். சலிப்பு தட்டினால் உங்கள் வாடிக்கையாளர் ஒரே தட்டில் போய்விடுவார்.

இது எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது?

பால் டேவிசன், ரோஹன் சேத் என்ற இருவர் 2020-ஆம் ஆண்டின் முற்பகுதியில், கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், அமெரிக்காவில் கிளப்ஹவுஸைக் கொண்டுவந்தார்கள். அப்போது ஐபோனில் மட்டும்தான் கிடைத்தது. உள்ளே இருக்கும் ஒருவர் அழைத்தால்தான் நுழைய முடியும். வீட்டுக்குள் அடைபட்டு, நாள் முழுக்க வீடியோ மீட்டிங்கில் முகம் காட்டிச் சலித்திருந்தவர்களுக்கு, முகம் காட்டாமல் மனிதக் குரல் கேட்கும் ஓர் இடம் கிடைத்தது. அழைப்பு கிடைக்காதவர்களுக்கு ஆசை இன்னும் அதிகமானது.

2021 ஜனவரிக் கடைசியில் எலான் மஸ்க் ஓர் அறைக்கு வந்தார். சிறு முதலீட்டாளர்கள் கூடிக் கேம்ஸ்டாப் என்ற நிறுவனத்தின் பங்கு விலையை ஏற்றிவிட்ட விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த வாரம் அது. பங்கு வாங்கி விற்கும் செயலியான ராபின்ஹுட்டின் தலைவர் விளாட் டெனெவை மஸ்க் நேரலையிலேயே கேள்வி கேட்டார். ஓர் அறைக்கு 5,000 பேர் என்ற வரம்பு நிரம்பி வழிந்தது. உள்ளே வர முடியாதவர்களுக்காகச் சிலர் அந்த ஒலியை யூடியூபில் ஓடவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் சீனாவில் மக்கள் அரசியல் பேசக் கிளப்ஹவுஸில் கூடத் தொடங்கினார்கள். பிப்ரவரி 8-ஆம் தேதி அங்கே அது முடக்கப்பட்டது.

முதலீட்டாளர்களும் விரைந்தார்கள். 2020 மே மாதத்தில் சுமார் 10 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட நிறுவனம், 2021 ஜனவரியில் 100 கோடி டாலர், ஏப்ரலில் 400 கோடி டாலர் என்று ஏறியது. ஒரு வருடத்துக்குள் நாற்பது மடங்கு.

நம் ஊருக்கு எப்போது வந்தது?

ஆண்ட்ராய்டுக்கு வந்த பிறகுதான். இந்தியாவில் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். 2021 மே 21-ஆம் தேதி இந்திய ஆண்ட்ராய்டு பயனர்களுக்குக் கிளப்ஹவுஸ் திறந்தது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது. மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வில்லாத முழு ஊரடங்கு. வெளியே போக வழியில்லை, செய்தியைத் திறந்தால் மனம் கனத்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தமிழ் அறைகளும் மலையாள அறைகளும் நிரம்பின. சினிமா, அரசியல், இளையராஜா பாட்டு, தூக்கம் வராதவர்களின் அரட்டை எல்லாம் நடந்தது. சென்னையில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் டொரண்டோவில் இருப்பவரும் ஒரே அறையில் பேச முடிந்தது.

அதே வருடம் ஜூலை 21-இல் அழைப்பு முறை எடுக்கப்பட்டது. நவம்பரில் தமிழ் உட்பட 13 மொழிகளில் செயலியின் முகப்பு வந்தது. ட்விட்டரின் குரல் அறை வசதியான ஸ்பேஸ் 2021 மே மாதம் 600-க்கு மேல் பின்தொடர்பவர்கள் உள்ளவர்களுக்குக் கிடைத்தது, அக்டோபரில் எல்லோருக்கும் திறந்தது. ‘இன்னைக்கு ராத்திரி ஸ்பேஸ் போடலாமா’ என்பது அப்போதிலிருந்து தமிழ் ட்விட்டரில் சகஜமான பேச்சு.

அப்புறம் ஏன் சரிந்தது?

நேரடிக் காரணம், ஊரடங்கு முடிந்தது. மக்களுக்கு வேலையும் பயணமும் திரும்பி வந்தன. ராத்திரி மூன்று மணி வரை அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் பாடம் தவறிவிடும். அமெரிக்காவில் ஊரடங்கு முழுக்க விலகும் முன்பே சரிவு ஆரம்பித்துவிட்டது. சென்சார் டவர் நிறுவனத்தின் கணிப்புப்படி, 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்க 96 லட்சம் பேர் கிளப்ஹவுஸைத் தரவிறக்கினார்கள், மார்ச்சில் 27 லட்சம், ஏப்ரலில் சுமார் 9 லட்சம்.

நேரலைப் பேச்சில் ஒரு கஷ்டம் உண்டு. அறைக்குள் நுழையும்போது பேச்சு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று புரிய ஐந்து நிமிடம் ஆகும். வீடியோவைப் போலத் தள்ளிப் பார்க்க முடியாது, கட்டுரையைப் போல மேலோட்டமாகப் படிக்க முடியாது. நல்ல பேச்சு நடந்த அன்று நீங்கள் இல்லையென்றால் அது போனதுதான். கிளப்ஹவுஸ் மறுகேட்பு வசதியைத் தரும்போது 2021 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் ட்விட்டர், ஃபேஸ்புக் போன்ற போட்டியாளர்கள் குரல் அறைகளைத் தங்கள் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

கடைசியில் 2023 ஏப்ரலில் கிளப்ஹவுஸ் தன் ஊழியர்களில் பாதிக்கு மேல் வெளியே அனுப்பியது. செப்டம்பரில் செயலியின் முகத்தையே மாற்றி, நண்பர்கள் குரல் செய்தி பரிமாறும் இடமாக ஆக்கியது.

மற்ற நிறுவனங்கள் என்ன ஆயின?

மூடுவிழா வரிசையே நடந்தது. ஸ்பாட்டிஃபை 2021-இல் கிரீன்ரூம் என்று தொடங்கி, ஸ்பாட்டிஃபை லைவ் என்று பெயர் மாற்றி, 2023 ஏப்ரலில் மூடியது. ரெடிட் டாக் 2023 மார்ச்சில் நின்றது. அமேசானின் ஆம்ப் 2022 மார்ச்சில் வந்து 2023 அக்டோபரில் போனது. ஃபேஸ்புக் தன் ஆடியோ அறைகளைத் தனி வசதியாக வைத்திருக்காமல் ஃபேஸ்புக் லைவோடு சேர்த்தது. லிங்க்ட்இன் ஆடியோ நிகழ்வுகள் 2024 டிசம்பரோடு முடிந்தன.

பணமும் ஆளும் இருந்த நிறுவனங்கள் இவை. தனிச் செயலியாக இது ஓடவில்லை. வேறொன்றின் உள்ளே வசதியாக வைத்தவற்றிலும் சிலதான் மிஞ்சின.

இன்று எது உயிரோடு இருக்கிறது? எதில் தொடங்கலாம்?

எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் ஸ்பேஸ் இருக்கிறது. அரசியல், சினிமா, கிரிக்கெட், பங்குச்சந்தை பேசுபவர்கள் அங்கே கூடுகிறார்கள். டெலிகிராம் சேனலிலும் குழுவிலும் குரல் உரையாடல் நடத்தலாம், பதிவும் செய்யலாம். ஏற்கெனவே டெலிகிராமில் ஆள் சேர்த்து வைத்திருக்கும் பயிற்சி மையங்களுக்கு இது நல்ல வசதி. டிஸ்கார்டில் மேடை சேனல்கள் உண்டு, கேம் விளையாடுபவர்களும் புரோகிராமர்களும் அங்கே. வாட்ஸ்அப் 2023 நவம்பரில் பெரிய குழுக்களுக்குக் குரல் அரட்டையைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் மணி அடிக்காமல், விரும்புபவர் மட்டும் சேரும் விதத்தில் அது அமைந்திருக்கிறது.

தேர்வு செய்வது சுலபம். உங்கள் வாடிக்கையாளர் ஏற்கெனவே தினமும் திறக்கும் செயலி எதுவோ அதில் நடத்துங்கள். இதற்காகப் புதிதாக ஒரு செயலியை ஏற்றச் சொல்லாதீர்கள். அந்த ஒரு படியிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

இவ்வளவு மூடிய பிறகும் இதில் நேரம் செலவிட வேண்டுமா?

எல்லோரும் வேண்டாம். பார்த்தவுடன் வாங்கும் பொருள் என்றால், அதாவது துணி, நகை, அலங்காரப் பொருள் என்றால், படமும் ரீல்ஸும்தான் விற்கும். குரலுக்கு அங்கே வேலை குறைவு.

வாங்கும் முன் வாடிக்கையாளர் நிறையக் கேள்வி கேட்கும் தொழில் என்றால் கதை வேறு. வீட்டுக் கடன், காப்பீடு, வெளிநாட்டுப் படிப்பு, இயற்கை விவசாய இடுபொருள், சோலார் பேனல், குழந்தை வளர்ப்பு, பாரம்பரிய உணவுப் பொருள் ஆகியவற்றில் மக்களுக்குச் சந்தேகம் அதிகம், நம்பிக்கை குறைவு. எதிர்பாராத கேள்விக்கு ஒருவர் தடுமாறாமல், மறைக்காமல் பதில் சொல்வதைக் காதால் கேட்கும்போது வரும் நம்பிக்கையை எந்த போஸ்டரும் தராது. நான் குரல் அறைகளை இன்றும் பரிந்துரைப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அறைக்குள் விளம்பரம் போடலாமா?

கூடாது. நேரலைப் பேச்சை நிறுத்தி விளம்பர வாசகம் படித்தால், கேட்பவர் சத்தமில்லாமல் கிளம்பிவிடுவார்.

ஒரு நிறுவனம் இதைச் சரியாகச் செய்த உதாரணம் உண்டு. பர்கர் கிங், டிம் ஹார்ட்டன்ஸ், பாப்பாய்ஸ் ஆகியவற்றின் தாய் நிறுவனமான ரெஸ்டாரண்ட் பிராண்ட்ஸ் இன்டர்நேஷனல், 2021 பிப்ரவரியில் தன் காலாண்டு முடிவுகளை அறிவித்த கையோடு, ‘ஓப்பன் கிச்சன்’ என்ற பெயரில் கிளப்ஹவுஸில் ஓர் அறை திறந்தது. தலைமை நிர்வாகிகள் வந்து உட்கார்ந்து பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். காலாண்டு முடிவுகளைப் பற்றி வழக்கமாக முதலீட்டு ஆய்வாளர்கள் மட்டும்தான் கேள்வி கேட்பார்கள். பர்கர் வாங்கும் சாதாரண ஆளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். பொருளைப் புகழ்ந்து அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய எதைவிடவும் அது பெரிது.

முதலாளி பேச வேண்டுமா, இன்ஃப்ளூயன்சரை வைத்துக்கொள்ளலாமா?

தொழில் தெரிந்தவர் பேச வேண்டும். அவர் முதலாளியாக இருக்கலாம், இருபது வருடமாகப் பட்டறையில் இருக்கும் மேஸ்திரியாகவும் இருக்கலாம். பேச்சு கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, வட்டார வழக்கு வந்தால் இன்னும் நல்லது. ஆனால் பேசுபவரும் அறையை நடத்துபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். பதில் சொல்லும்போதே யார் கை தூக்கியிருக்கிறார், யாருடைய மைக் திறந்து கிடந்து குக்கர் விசில் கேட்கிறது என்று ஒருவரால் பார்க்க முடியாது. ஒருவர் பதில் சொல்ல, இன்னொருவர் வாசலையும் மைக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்ஃப்ளூயன்சர் வந்தால் இந்த இரண்டாவது வேலைக்கு வரட்டும்.

ஒரு மணி நேர அறையை எப்படி நடத்துவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்து எண்ணெய் விற்பவர் ஒருவர் இரவு 9 மணிக்கு அறை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எங்கள் எண்ணெயின் சிறப்புகள்’ என்று தலைப்பு வைத்தால் யாரும் வர மாட்டார்கள். ‘நல்லெண்ணெய் ஏன் ஒரு கடையில் மலிவு, இன்னொரு கடையில் விலை? கேளுங்கள், சொல்கிறோம்’ என்று வைத்தால் வருவார்கள். தலைப்பிலேயே வாடிக்கையாளரின் கேள்வி இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் முன்பே இருவரும் உள்ளே வந்து ஒலியைச் சோதிக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், வயர் வைத்த சாதாரண இயர்போன் போதும். போனில் மற்ற அழைப்புகள் வராதபடி வைத்துவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் உங்கள் குரல் அறுந்துவிடும். ஒன்பது மணிக்கு நாலு பேர்தான் இருப்பார்கள். ‘இன்னும் கொஞ்சம் பேர் வரட்டும்’ என்று காத்திருக்காதீர்கள். நேரத்துக்கு வந்த நாலு பேரும் உங்களுக்கு முக்கியமானவர்கள், அவர்களிடம் பேசத் தொடங்குங்கள்.

முதல் பத்து நிமிடம் செக்குக்காரர் தன் வேலையைச் சொல்லட்டும். எள் எங்கிருந்து வருகிறது, எள்ளோடு கருப்பட்டி ஏன் போடுகிறோம், எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விடுவது எப்படி என்று சொல்லலாம். இவை அவருக்குத் தினசரி விஷயம், கேட்பவருக்குப் புதுசு. அதன் பிறகு மேடை வாடிக்கையாளருக்கு. ஒருவர் கை தூக்குகிறார்: ‘ஐயா, போன தடவை வாங்கின எண்ணெய் அடியில மண்டி நின்னுச்சு. கலப்படமா?’ நடத்துபவர் பதறிப்போய் அவரை மேடையிலிருந்து இறக்கினால் அன்றைய அறை அதோடு முடிந்தது. செக்குக்காரர் நிதானமாக, ‘இல்லம்மா, தெளிய வைக்கிற நாள் குறைஞ்சா அடியில மண்டி நிக்கும். பாட்டிலை ரெண்டு நாள் ஆட்டாம வச்சு மேலாக ஊத்திக்குங்க. கெட்ட வாசனை இருந்தா மட்டும் சொல்லுங்க, மாத்தித் தர்றோம்’ என்று சொன்னால், அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது விற்பனைப் பேச்சைவிட மேல். கேட்டவர் ஒருவர், பதில் போய்ச் சேர்ந்தது ஐம்பது பேருக்கு.

கால்மணிக்கு ஒருமுறை ரூம் ரீசெட் செய்ய வேண்டும். இது நடத்துபவரின் வேலை. ‘இப்போது வந்தவர்களுக்கு: இது இன்ன அறை, பேசிக்கொண்டிருப்பவர் இன்னார், இதுவரை விலை பற்றியும் தெளிய வைப்பது பற்றியும் பேசினோம், கேள்வி இருந்தால் கை தூக்குங்கள்’ என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். பாதியில் நுழைபவர் முழிக்காமல் இருக்க வேறு வழியே இல்லை. இதைச் செய்யாத அறைகளில் ஆட்கள் வந்த வேகத்தில் போவார்கள்.

பத்து மணிக்குச் சொன்னபடி முடியுங்கள். அடுத்த வாரம் எந்தக் கிழமை, என்ன தலைப்பு என்று சொல்லிவிட்டு மூடுங்கள். பேச்சு சூடாகப் போகிறதே என்று நள்ளிரவு வரை இழுத்தால், அடுத்த வாரம் வருவதற்கே பயப்படுவார்கள்.

எந்த நேரம் நல்லது?

உங்கள் வாடிக்கையாளரின் கை வேலையாகவும் காது சும்மாவும் இருக்கும் நேரம். இல்லத்தரசிகளுக்கு மதிய வேலை முடிந்த நேரம், அலுவலகம் போகிறவர்களுக்கு இரவு ஒன்பதுக்கு மேல், விவசாயிகளுக்கு விடியற்காலை. ஐபிஎல் மேட்ச் இருக்கும் மாலையிலும் பெரிய படம் ரிலீஸாகும் நாளிலும் வேண்டாம். வெளிநாட்டுத் தமிழர்கள் உங்கள் வாடிக்கையாளர் என்றால், நமக்கு இரவு ஒன்பது ஆகும்போது சிங்கப்பூரில் பதினொன்றரை, லண்டனில் பிற்பகல் என்பதைக் கணக்கில் வையுங்கள். எந்த நேரம் என்பதைவிட, அதே கிழமை அதே நேரம் என்பது முக்கியம்.

பேசியது வெளியே போய்விடுமா? இது தனிப்பட்ட அறைதானே?

எந்த அறையும் தனிப்பட்டதல்ல. இன்னொரு போனை அருகில் வைத்துப் பதிவு செய்தால் போதும், எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது.

ஜெர்மனியில் துரிங்கியா மாநிலத்தின் அப்போதைய முதல்வர் போடோ ராமெலோ, 2021 ஜனவரியில் ஒரு கிளப்ஹவுஸ் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது, கொரோனா பற்றிய முதல்வர்கள் கூட்டங்களில் தான் போனில் கேண்டி க்ரஷ் விளையாடுவதாகச் சொன்னார். நாட்டின் தலைவராக இருந்த ஏஞ்சலா மெர்கலைச் செல்லப் பெயரிலும் குறிப்பிட்டார். அடுத்த சில நாட்களில் நாடே அதைப் பேசியது. மூன்று மாதம் கழித்து இங்கே மேற்கு வங்கத் தேர்தலின் நடுவில், மம்தா பானர்ஜியின் தேர்தல் வியூகம் பார்த்துக்கொண்டிருந்த பிரசாந்த் கிஷோர் பத்திரிகையாளர்களோடு கிளப்ஹவுஸில் பேசினார். அந்த ஒலியிலிருந்து துண்டுகளை பாஜகவின் அமித் மாளவியா வெளியிட்டார். வாக்குப்பதிவு நடந்த நாளன்றே அது செய்தியானது. முழுப் பேச்சையும் வெளியிடுங்கள் என்று கிஷோர் பதில் சொல்ல வேண்டி வந்தது.

இருவருமே மேடைப் பேச்சில் அனுபவசாலிகள். முகம் தெரியாது, சுற்றிலும் நாலு தெரிந்த குரல், இரவு நேரம் என்று இருக்கும்போது வாய் தளர்ந்துவிடுகிறது. போட்டிக் கடையைப் பற்றியோ சப்ளையரைப் பற்றியோ வாடிக்கையாளரின் பெயர் சொல்லியோ எதுவும் பேசக் கூடாது என்று அறைக்குப் போகும் முன்பே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

யாராவது திட்டினால், ஆபாசமாகப் பேசினால்?

குறை சொல்பவர் வேறு, தொல்லை தருபவர் வேறு. குறை சொல்பவருக்கு நேரம் கொடுங்கள். தொல்லை தருபவரை விளக்கம் கொடுக்காமல் இறக்கி, வெளியேற்றி, தடை செய்யுங்கள். அவரோடு ஒரு வாக்கியம் விவாதித்தாலும் அறை அவருடையதாகிவிடும்.

குறிப்பாகப் பெண்கள் பேசும் அறைகளில் இரண்டு நிர்வாகிகளாவது வேண்டும். 2022 ஜனவரியில் முஸ்லிம் பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசிய ஒரு கிளப்ஹவுஸ் அறை தொடர்பாக டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்தது, மும்பை போலீஸ் சிலரைக் கைது செய்தது. உங்கள் நிறுவனத்தின் பெயரில் திறந்த அறையில் ஒரு பெண்ணை யாராவது இழிவாகப் பேச, நிர்வாகி அமைதியாக இருந்தால், அந்தப் பழி உங்களுடையதுதான்.

சட்ட விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

காசு வாங்கிக்கொண்டு ஒருவர் உங்கள் பொருளைப் பற்றிப் பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி, 2021 ஜூன் முதல் நடைமுறைப்படுத்திய இன்ஃப்ளூயன்சர் வழிகாட்டுதலில் ஒலி ஊடகத்துக்குத் தனியாகவே சொல்லியிருக்கிறது: தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் இடைவேளை விட்டால் அதற்கு முன்னும் பின்னும், இது விளம்பரம் என்று வாயால் அறிவிக்க வேண்டும். காசு மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி எதுவானாலும் கணக்கில் வரும். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம்.

உணவுப் பொருள், மூலிகை விற்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ‘இந்த எண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்’ என்று உற்சாகத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டால், 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் கீழ் சிக்கல். குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு, சர்க்கரை நோய் அதில் இருக்கிறது. வாடிக்கையாளர் தானாக வந்து ‘எனக்குக் குணமாச்சு’ என்று சொன்னாலும், நடத்துபவர் உடனே ‘இது அவருடைய அனுபவம், நாங்கள் அப்படிச் சொல்வதில்லை, டாக்டரைக் கேளுங்கள்’ என்று சொல்லிவிட வேண்டும். பங்குச்சந்தை ஆலோசனை என்றால், சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு இல்லாமல் வாயே திறக்காதீர்கள்.

இன்னும் இரண்டு. பதிவு செய்வதாக இருந்தால் ஆரம்பத்திலும் ஒவ்வொரு ரீசெட்டிலும் அதைச் சொல்லுங்கள். ஆள் சேரும் வரை சினிமாப் பாட்டு ஓடவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, நிறுவனத்தின் அறையில் அது காப்புரிமைப் பிரச்சினை.

வாடிக்கையாளரின் தகவல் பாதுகாப்பு எப்படி?

கிளப்ஹவுஸ் ஆரம்பத்தில் மற்றவரை அழைக்க வேண்டுமென்றால் போனில் உள்ள தொடர்பு எண்கள் முழுவதையும் கேட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்ட் இன்டர்நெட் அப்சர்வேட்டரி, பயனர் அடையாள எண்கள் மறைகுறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமலே இணையத்தில் போவதைக் கண்டுபிடித்துச் சொன்னது. ஒலியைக் கடத்தும் வேலையை, சீனாவின் ஷாங்காயிலும் இயங்கும் அகோரா நிறுவனம் செய்துகொண்டிருந்தது. உங்கள் பக்கம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அலுவலக வேலைக்குத் தனி போன், தனி எண். வாடிக்கையாளர் எண்கள் நிறைந்த உங்கள் சொந்த போனில் புதுச் செயலிகளை ஏற்றி, கேட்ட அனுமதி எல்லாம் கொடுக்காதீர்கள்.

பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே வந்து பத்து விநாடியில் போனவரும் அதில் இருக்கிறார், போனை வைத்துவிட்டுத் தூங்கிப் போனவரும் இருக்கிறார்.

நான் ஒரு நோட்டில் எழுதச் சொல்வது: எத்தனை பேர் கை தூக்கினார்கள், அதில் எத்தனை பேர் போன வாரமும் வந்தவர்கள், அறை முடிந்த மறுநாள் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் விசாரித்தார்கள். இந்த மூன்றும் நாலு வாரத்துக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். கேட்ட கேள்விகளையும் அப்படியே எழுதி வையுங்கள். அடுத்த ரீல்ஸுக்கும் பாக்கெட் மேல் அச்சிடும் வாசகத்துக்கும் அதுதான் சரக்கு. ‘மண்டி நிற்பது ஏன்’ என்று மூன்று வாரத்தில் ஐந்து பேர் கேட்டால், அதைப் பாட்டில் லேபிளிலேயே போட வேண்டும் என்று அர்த்தம்.

காதால் கேட்பதை யாரும் கிளிக் செய்ய முடியாது என்பதால், தள்ளுபடிக் குறியீடு வாயால் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு யாருக்கும் நினைவில் நிற்காது. ‘எள்ளு என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்’ என்றால் நிற்கும். போன் நம்பரை மெதுவாக, இரண்டு தடவை சொல்லுங்கள்.

காது கேளாதவர்கள், நேரலைக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வது?

கிளப்ஹவுஸ் தொடங்கியபோது பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதி இல்லை, அதற்காகக் கடும் விமர்சனத்துக்கு ஆளானது. தமிழில் தானியங்கி எழுத்துவடிவத்தை நம்பி விட முடியாது, வட்டார வழக்கு வந்தால் குழம்பிவிடும். அதனால் மறுநாள் கேள்வி பதில்களை எழுத்தாகச் சுருக்கி வாட்ஸ்அப்பிலும் இணையதளத்திலும் போடுங்கள். நேரலைக்கு வராதவர்களும் படிப்பார்கள், கூகுளில் தேடுபவர்களும் வந்து சேருவார்கள். நல்ல பதில் ஒன்றை ஒன்றரை நிமிடத் துண்டாக வெட்டி, பேசியவரின் சம்மதத்தோடு ரீல்ஸாகப் போடலாம். ஒரு மணி நேரப் பதிவை அப்படியே யூடியூபில் ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொழில்நுட்பம் கைவிட்டால்?

கைவிடும். 2023 மே மாதம் புளோரிடா மாநில ஆளுநராக இருந்த ரான் டிசாண்டிஸ், அமெரிக்க அதிபர் தேர்தலில் தான் போட்டியிடுவதை மஸ்க்கோடு ட்விட்டர் ஸ்பேஸில் அறிவிக்க வந்தபோது, கூட்டம் தாங்காமல் அறை விழுந்து, இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமானது. 2024 ஆகஸ்டில் டிரம்ப் வந்தபோது சுமார் நாற்பது நிமிடம். தளத்தின் உரிமையாளரே நடத்திய அறைக்கு அந்தக் கதி. அறை அறுந்தால் எங்கே கூட வேண்டும் என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப் சேனல் ஒன்று அதற்குப் போதும்.

செயலியே மூடப்படும் நாளுக்கும் அந்தச் சேனல்தான் துணை. ஸ்பாட்டிஃபை லைவையும் ஆம்ப்பையும் நம்பி வாரா வாரம் நடத்தியவர்கள் கூடிய கூட்டத்தை எங்கும் எடுத்துப்போக முடியாமல் நின்றார்கள். ஒவ்வொரு அறை முடிவிலும் விரும்புபவர்களை உங்கள் சொந்தப் பட்டியலுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, கொண்டுவாருங்கள்.

எவ்வளவு நாள் நடத்திப் பார்த்துவிட்டு நிறுத்தலாம்?

வாரம் ஒருமுறை என்று மூன்று மாதம். முதல் மாதம் ஐந்து பத்து பேர்தான் வருவார்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றாவது மாதத்தில் தெரிந்த பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா, உங்கள் ஆட்கள் அல்லாதவர்களே புதியவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் தொடருங்கள், அந்தப் பழைய வாடிக்கையாளர்களில் ஒருவரையே நடத்தக் கேளுங்கள். இல்லையென்றால் நிறுத்துங்கள். ஆனால் சொல்லாமல் காணாமல் போகாதீர்கள். கடைசி இரண்டு வாரமும் அறையிலேயே அறிவித்து, ‘இனி உங்கள் கேள்விகளை இந்த எண்ணுக்குக் குரல் செய்தியாக அனுப்புங்கள், நானே பதில் அனுப்புகிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி பதில் அனுப்புங்கள்.